உம்மம்மாவுக்கும் ஒரு வகுப்பு

டிசம்பர் முதலாம் திகதி உலக எயிட்ஸ் தினம். பாடசாலை நாட்காட்டியில் அது பெரும்பாலும் ஆண்டிறுதிப் பரீட்சை நெருக்கத்தில் வந்து விழும். காலைக் கூட்டத்தில் ஒரு மாணவி ஐந்து நிமிடம் பேசுவாள். ஆசிரியைகள் சிவப்பு நாடாவைக் குத்திக்கொள்வார்கள். அறிவித்தல் பலகையில் ஒரு சுவரொட்டி ஏறும். அடுத்த நாள் கணித வினாத்தாள். 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடத்தில் எச்.ஐ.வி. பற்றிய பகுதி இருக்கிறது. பரீட்சையில் கேட்டால் எங்கள் பிள்ளைகள் அது தொற்றும் மூன்று வழிகளையும் பிழையில்லாமல் எழுதி முழுப்புள்ளி வாங்கிவிடுவார்கள். இதே விடயத்தை வீட்டில் யாராவது உங்களோடு கதைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு முழுவதும் மேசையைப் பார்க்கும்.

நான் அந்தப் பாடத்தைக் கற்பிக்கிறவள். அந்த அலகு முடிந்ததும் பெயர் எழுதாமல் ஒரு துண்டுத் தாளில் கேள்வி எழுதி, பழைய பால்மா டின் ஒன்றுக்குள் போடச் சொல்வது என் வழக்கம். எழுத ஒன்றுமில்லாதவர்களும் வெற்றுத்தாளை மடித்துப் போடவேண்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது.

நுளம்பு கடித்தால் வருமா என்று ஒவ்வொரு வருடமும் ஒருத்தி கேட்பாள். வராது. நோயுள்ளவரோடு ஒரே சஹனில் சாப்பிட்டால்? வராது. பள்ளிவாசல் ஹவுளில் அவர் வுழூச் செய்த தண்ணீரால்? வராது. ஸலாம் சொல்லிக் கை கொடுப்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பதாலோ வராது. பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள இரத்தமும் அது பட்ட ஊசியும், தாயிலிருந்து பிள்ளை. வழிகள் இவ்வளவுதான். தலைமுடி இறக்கவோ சுன்னத்துச் செய்யவோ ஒரு பிளேட்டை இரண்டு பேருக்குப் பாவிக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுவேன்.

இவை இலகுவான கேள்விகள். டின்னின் அடியில் வேறு சில கிடக்கும். "வெளிநாட்டிலிருந்து வருகிற மாப்பிள்ளையிடம் இரத்தப் பரிசோதனை கேட்கலாமா? கேட்டால் கலியாணம் நின்றுவிடுமா?" "ஒரு பிள்ளையிடம் சொந்தக்காரர் ஒருவரே பிழையாக நடந்தால் அவள் யாரிடம் சொல்லவேண்டும்?" "என் தம்பி இரவில் போனில் பார்ப்பதை நான் கண்டேன். வீட்டில் சொன்னால் அடிப்பார்கள். சொல்லாவிட்டால் பாவமா?"

இந்தக் கேள்விகளுக்குப் பாடநூலில் விடையில்லை. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் ஒரு டீச்சர் சொல்லி முடிக்கக் கூடியவையுமல்ல. இவை ஒரு பிள்ளை தன் வீட்டில், தன்னை வளர்க்கிறவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள். வீட்டில் கேட்க முடியாததால்தான் என் டின்னுக்குள் வந்து விழுகின்றன. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் வேலை வைத்தியசாலையில் தொடங்குவதில்லை, பாடசாலையில்கூடத் தொடங்குவதில்லை, அடுப்படியில் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முதலில் படிப்பிக்கப்படவேண்டியவர்கள் பிள்ளைகளல்ல, பிள்ளைகளை வைத்திருப்பவர்கள்.

"நம்மட ஊர்களில் இந்த வருத்தம் எங்கே இருக்கிறது? இதையெல்லாம் ஏன் இழுக்கிறீர்கள்?" என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான். இலங்கை உலகில் எச்.ஐ.வி. மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. இங்கு 1987 இல் முதல் நோயாளி பதிவானார். ஆனால் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு வேலைத்திட்டத்தின் கணக்கில் 2022 இல் புதிதாகப் பதிவானவர்கள் 607 பேர், 2023 இல் 694 பேர். 1987 இலிருந்து அதுவரை ஒரே வருடத்தில் இவ்வளவு பேர் பதிவானதில்லை. இளைஞர்களும் அதில் இருக்கிறார்கள். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் எட்டுப் பத்து வருடங்கள்கூட எந்த அடையாளமும் காட்டாமல் இருக்கும். இன்று இருபத்தைந்து வயதில் கண்டுபிடிக்கப்படும் ஒருவருக்கு அது பதினேழு பதினெட்டு வயதில் தொற்றியிருக்கலாம். அதாவது ஓ.எல்., ஏ.எல். படிக்கும் வயதில். நோய் ஊருக்குள் வந்தபிறகு கதைப்போம் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது காலம் கடந்த கதை.

எங்கள் பகுதிக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. யார் பிள்ளையை வளர்க்கிறார் என்பது இங்கே நேரான விடையுள்ள கேள்வி அல்ல.

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்தும் முசலியிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். எருக்கலம்பிட்டிச் சனம் வள்ளங்களில் கல்பிட்டிக் கரைக்குப் போய் இறங்கிய கதையை இந்த இதழை வாசிக்கிற எல்லாப் பெற்றோரும் அறிவார்கள். பலர் அந்த வள்ளங்களில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள். 2009 க்குப் பிறகு திரும்பி வந்தோம், ஆனால் முழுதாக வரவில்லை. ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் மன்னாரில். வீடு இங்கே, வாப்பாவின் கடை அங்கே. மூத்த பிள்ளை புத்தளத்தில் சாச்சி வீட்டில் நின்று படிக்கிறது, இளையது இங்கே உம்மம்மாவோடு. கட்டார், குவைத், சவூதி என்று உம்மா வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார், அல்லது வாப்பா சாரதி வேலைக்குப் போயிருக்கிறார், சில வீடுகளில் இருவரும். பத்தாம் தரத்தோடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போகிற பையன்கள் தலைமன்னார் முதல் சிலாவத்துறை வரை எல்லாக் கரையிலும் இருக்கிறார்கள். வாடியில் கிழமைக்கணக்கில் பெரிய ஆட்களோடு தங்கும் பதினாறு வயதுப் பையனிடம் வீட்டில் கேட்கப்படும் ஒரே கேள்வி, எவ்வளவு காசு கொண்டு வந்தாய் என்பது.

வெளிநாடு போகும் தாய்மாருக்காக அரசாங்கம் 2013 இல் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது. அதற்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் யார் பார்த்துக்கொள்வார் என்று காட்டவேண்டும். 2022 இல், பொருளாதாரம் விழுந்தபோது, அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. அந்த அறிக்கை சரியா பிழையா என்ற வாதத்துக்கு நான் போகவில்லை. தாயைத் தண்டிக்கிறது, தகப்பனைக் கேட்பதில்லை என்று சொல்கிறவர்களின் பக்கமே என் மனம் சாய்கிறது. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் படிவத்தில் பராமரிப்பவர் என்று ஒரு பெயர் எழுதப்படுகிறது. அநேகமாக அது ஓர் உம்மம்மாவின் பெயர். அறுபது வயது தாண்டியவர், பள்ளிக்கூடமும் இல்லாமல் போனவர். பருவ வயதுப் பிள்ளையோடு என்ன கதைப்பது, எப்படிக் கதைப்பது, என்ன அடையாளத்தைக் கவனிப்பது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பெயர் எழுதப்பட்டதும் எல்லோருடைய கடமையும் முடிந்துவிடுகிறது.

சொல்லிக்கொடுத்த நாடுகள் இருக்கின்றன. கென்யாவின் மேற்குப் பகுதியில் 2000களின் தொடக்கத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் பராமரிப்பவர்களுக்கும் ஒரு வகுப்பு ஆரம்பிக்கப்பட்டது. பிள்ளைகளுக்கல்ல, பெரியவர்களுக்கு. கிழமைக்கு ஒரு முறை கூடுவார்கள். பிள்ளையோடு எப்படி நெருக்கமாக இருப்பது, எங்கே போகிறது, யாரோடு திரிகிறது என்பதைச் சண்டையில்லாமல் எப்படி அறிவது, அதற்குப் பிறகுதான் உடலும் பாலியலும் நோயும். கூச்சத்தைப் போக்க ஒருவர் பிள்ளையாக, ஒருவர் தாயாக நடித்துப் பழகுவார்கள். தொடர் முடியும் தறுவாயில் பிள்ளையும் வந்து பக்கத்தில் உட்காரும். இதில் எனக்குப் பிடித்தது அந்த வயதுதான். பன்னிரண்டுக்கு முன். பிள்ளை இன்னும் நம் மடியில் சாயும் காலத்தில். பதினாறில் போய்த் தொடங்கினால் கதவு உள்ளேயிருந்து பூட்டியிருக்கும்.

ஆபிரிக்கக் கிறிஸ்தவர்களின் வழி நமக்குப் பொருந்தாது என்பவர்களுக்கு உகாண்டாவைச் சொல்கிறேன். அங்கே எயிட்ஸ் ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோன காலத்தில், உகாண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கம் 1992 இல் இமாம்கள் வழியாகக் குடும்பங்களுக்கு எயிட்ஸ் கல்வி கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. முஸ்லிம் வைத்தியர்கள் இமாம்களைக் கூப்பிட்டுப் பயிற்றினார்கள். இமாம் ஜும்ஆவில் பேசினார். அத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பள்ளிவாசலோடும் ஆணும் பெண்ணுமாகத் தொண்டர்கள் சேர்க்கப்பட்டு, தங்கள் மஹல்லாவின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கதைத்தார்கள். ஆண் ஆண்களோடு, பெண் பெண்களோடு. பிறகு மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் அது விரிந்தது. ஆணுறை பற்றிக் கதைப்பதற்கு இமாம்களிடையே முதலில் பலத்த எதிர்ப்பு இருந்தது. கணவன் மனைவிக்கிடையே ஒருவருக்கு நோயிருந்தால் மற்றவரைக் காப்பாற்றும் வழி என்ற அளவில் மெல்ல மெல்ல அதுவும் பேசப்பட்டது. ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு இந்த வேலையை மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டி ஒரு நூலே வெளியிட்டது. மன்னாரில் எத்தனை பள்ளிவாசல்கள், எத்தனை ஆலிமாக்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இங்கே குறைவது ஆளல்ல என்பது விளங்கும்.

வெட்கம் என்பார்கள். வெட்கம் ஈமானின் ஒரு பகுதி, மறுக்கவில்லை. ஆனால் எந்த வெட்கம்? எங்கள் மத்ரஸாவில் பத்துப் பதினொரு வயதில் ஹைளு என்றால் என்ன, எப்போது குளிப்புக் கடமையாகும், எதெல்லாம் கடமையாக்கும் என்று ஓதித்தந்தார்கள். ஃபிக்ஹு நூல்களில் இந்த விடயங்கள் மறைப்பில்லாமல் இருக்கின்றன. பெற்றோரின் அறைக்குள் பிள்ளைகள் எந்த மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே நுழையவேண்டும் என்று சூரத்துன் நூரில் சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைக்கு அதை விளக்கும்போதே ஒரு தாய் இந்தப் பாடத்தின் முதல் வரியைத் தொடங்கிவிடுகிறார். மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள்.

அதைவிட எனக்கு எப்போதும் மனதில் நிற்பது அந்த இளைஞனின் கதை. விபச்சாரம் செய்ய அனுமதி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் ஒருவன் நேரே வந்து நின்றான். சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்கள் அவனைக் கிட்ட வரச் சொல்லி உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவன் மேல் கையை வைத்து துஆச் செய்து அனுப்பினார்கள். பருவ வயதுப் பிள்ளையோடு கதைப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சிக் கையேட்டை நான் காணவில்லை. அதட்டவில்லை, துரத்தவில்லை, "இதையெல்லாம் எங்கே பழகினாய்" என்று கேட்கவில்லை. நம் வீடுகளில் முதலில் வருவது அந்தக் கடைசிக் கேள்விதான்.

சொன்னால் கெட்டுப்போவார்கள் என்பது இன்னொரு பயம். உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கல்வி பிள்ளைகளை அந்த வழியில் விரைவுபடுத்துவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அது இருக்கட்டும். நம் பிள்ளைகள் ஏற்கனவே ஒரு ஆசிரியரிடம்தான் படிக்கிறார்கள். அந்த ஆசிரியர் தலையணைக்குக் கீழே வெளிச்சத்தோடு கிடக்கிறது. அது ஹலாலும் சொல்லாது, ஹராமும் சொல்லாது, நோயையும் சொல்லாது. நாம் சொல்வதா, அது சொல்வதா என்பதுதான் கேள்வி.

டின்னின் அடியில் கிடந்த இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதை வாசித்த அன்று நான் பாடத்தை நிறுத்தி, வகுப்பு முழுவதற்கும் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். சொந்தக்காரராக இருந்தாலும், ஓதிக்கொடுப்பவராக இருந்தாலும், டியூஷன் மாஸ்டராக இருந்தாலும், உன் உடம்பைத் தொட உரிமையில்லாதவர் தொட்டால் பிழை உன்னுடையதல்ல. அன்றைக்கே சொல். உம்மாவிடம், உம்மம்மாவிடம், டீச்சரிடம், நீ நம்பும் யாரிடமாவது. யாரிடமும் முடியாவிட்டால் 1929 என்ற இலக்கத்துக்கு அழை. அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். 'அன்றைக்கே' என்று நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. தொற்று ஏற்பட்டிருக்கக் கூடிய சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கினால் எச்.ஐ.வி. உடம்பில் நிலைகொள்ளாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாட்கள் விடாமல் குடிக்கவேண்டும். மூன்று நாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுத பிள்ளைக்கு அந்த மருந்து பயன்படாது. ஆகவே பெரியவர்களே, ஒரு பிள்ளை வந்து சொன்னால், குடும்ப மானம், அவர் பெரிய மனிதர், நீ ஏன் அங்கே போனாய் என்ற மூன்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றதெல்லாம் பிறகு.

சுன்னத்துச் செய்தவர்களுக்கு எயிட்ஸ் வராது என்று ஒரு பேச்சு நம்மிடையே உலாவுகிறது. அரைவாசி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது. தென்னாபிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த பரிசோதனைகளில், விருத்தசேதனம் செய்த ஆண்களுக்குப் பெண்ணிடமிருந்து தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 வீதம் குறைந்தது. அதன்படி 2007 இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. அல்ஹம்துலில்லாஹ், நம் சுன்னத்தின் ஹிக்மத்து என்று மகிழ்வோம். ஆனால் மீதி 40 வீதம் எங்கே போயிற்று? தொற்றிய கணவனிடமிருந்து மனைவிக்கு வருவதை அது நேரடியாகத் தடுப்பதுமில்லை. இந்தப் பேச்சை நம்பி ஏமாறுபவள் கடைசியில் வீட்டிலிருக்கும் பெண்தான்.

அதனால் முதலாவது கேள்வி, மாப்பிள்ளையின் இரத்தப் பரிசோதனை. கேட்கலாம். கேட்கவேண்டும் என்றே நான் சொல்வேன். மலேசியாவில் ஜொகூர் மாநிலம் 2001 இலேயே திருமணத்துக்கு முன் முஸ்லிம் மணமக்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கொண்டுவந்தது. பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது. கட்டாயப்படுத்துவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. கட்டாயம் வந்தால் ஒளிவும் வரும், கள்ளக் கடிதமும் வரும். ஆனால் நம் ஊரில் கைக்கூலி எவ்வளவு, வீடு எத்தனை அறை, நகை எத்தனை பவுன் என்று இரண்டு பக்கமும் கூசாமல் கேட்கிறோம். நிகாஹ்வுக்கு முன் மணமகனும் மணமகளும் தலசீமியா, இரத்தப் பிரிவு என்பவற்றோடு சேர்த்து எச்.ஐ.வி.யையும் பார்த்துக்கொள்வது இரண்டு குடும்பங்களும் பேசி முடிக்கிற வழக்கமாகிவிட்டால், தனியாக ஒரு பெண்பிள்ளை வாயைத் திறந்து கேட்கவேண்டிய நிலை வராது. கேட்டவள் மேல் பழியும் விழாது. அந்த வழக்கத்தைப் பெரியவர்கள்தான் உண்டாக்க முடியும். பெண் கேட்கும் மாப்பிள்ளைதான் பரிசோதிக்கப்படவேண்டியவர் என்பதல்ல, இருவரும். வெளிநாட்டில் வேலை செய்தவர்களைச் சந்தேகிப்பதாகவும் ஆகக்கூடாது. வளைகுடா நாடுகளுக்குப் போகும் தொழிலாளர் போகும்போதே பரிசோதிக்கப்பட்டுத்தான் போகிறார்கள். தொற்று எங்கும் ஏற்படலாம், இங்கேயும்.

பரிசோதனைக்குத் தூரம் போகவேண்டியதில்லை. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. இலவசம், இரகசியம் காக்கப்படும். தொற்று ஏற்பட்டு முதல் சில கிழமைகளில் பரிசோதனை அதைக் காட்டாமல் போகலாம். ஆகவே மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். நோய் இருந்தாலும் இன்று அது மரண ஓலையல்ல. தினமும் மருந்து குடித்து, இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து கணவனுக்கோ மனைவிக்கோ தொற்றுவதில்லை. அவர் தொழுவார், உழைப்பார், பிள்ளை பெறுவார்.

இந்த நாட்டில் நமக்குத் தெரியாமலே ஒரு பெரிய வேலை நடந்து முடிந்திருக்கிறது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்தில்லாவிட்டால் நூறு தாய்மாரில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேரின் பிள்ளைகளுக்கு அது தொற்றும். அதை நிறுத்தியது ஏதோ பெரிய இயந்திரமல்ல. கிளினிக் கொப்பியோடு வெயிலில் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வீடு வீடாக வருகிற குடும்பநல உத்தியோகத்தர்களும், "எல்லா கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு, உங்களுக்கும்தான்" என்று அவர்கள் சொல்லும் ஒரு வசனமும்தான் அதில் பெரும்பங்கு. யாரையும் சந்தேகிக்காமல் எல்லோரையும் கேட்டார்கள், அதனால் யாரும் வெட்கப்படவில்லை. வீட்டுக்கு வந்து கதைத்தால் நம் பெண்கள் கேட்பார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

நோயைவிட நோயாளியைக் கண்டு பயப்படுகிற குணம் ஒன்று இருக்கிறது. 2016 இல் குருநாகல் மாவட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றை, தகப்பன் எயிட்ஸால் மௌத்தானார் என்ற வதந்தியால் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. சேர்த்த இடத்தில் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைக்குத் தொற்றே இல்லை. உயர் நீதிமன்றம் வரை போய், எச்.ஐ.வி. இருந்தாலும் பிள்ளைக்குக் கல்வி உரிமை உண்டு என்று அந்த வருடம் ஏப்ரலில் முடிவானது. கண்டி திரித்துவக் கல்லூரி இடம் கொடுக்க முன்வந்தது. அந்தப் பெற்றோர்களைத் தூரத்திலிருந்து குறை சொல்வது எளிது. கொரோனா காலத்தில் நோயைப் பரப்புகிறவர்கள் என்று நம்மைச் சுட்டிக்காட்டியதையும், நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதையும், கடைசியில் ஓட்டமாவடியில் மண் கிடைத்ததையும் நாம் இன்னும் மறக்கவில்லை. எங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் பக்கத்துக் கதிரை காலியாகுமா, ஆகாதா என்பது அவளுடைய வகுப்புத் தோழிகள் கையிலல்ல, அந்தத் தோழிகளின் உம்மாமார் கையில் இருக்கிறது.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் புள்ளி அறிக்கையும் கட்டடக் கணக்கும் முடிந்தபின் ஒரு மணித்தியாலம் தாருங்கள். ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளை வளர்ப்பவர்களிலிருந்து தொடங்குவோம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தரையும், ஊரில் மதிப்புள்ள ஓர் ஆலிமாவையும் ஒன்றாக உட்கார வைப்போம். ஒருவர் மட்டும் வந்தால் பாதிதான் கேட்கப்படும். வாப்பாமாருக்கு இதையே பள்ளிவாசலில் இஷாவுக்குப் பின் ஒரு மௌலவியும் ஒரு ஆண் வைத்தியரும் செய்யட்டும். கடலுக்குப் போகும் பையன்கள் அங்கேதான் அகப்படுவார்கள். ஒரு தடவையல்ல, நாலைந்து கிழமைகள். பாலியலில் தொடங்கவேண்டாம். போனை எப்போது கொடுப்பது, பிள்ளை திடீரென்று பேசாமல் போனால் என்ன கேட்பது, கத்தாமல் எப்படி விசாரிப்பது என்று தொடங்கி அங்கே போய்ச் சேரலாம். நடித்துப் பழகுவதும் வேண்டும். கூச்சத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அழைப்புக் கடிதத்தில் 'தாய் அல்லது தந்தை' என்று அச்சடிக்காமல் 'பிள்ளையைப் பராமரிப்பவர்' என்று அச்சடியுங்கள். அப்படி எழுதினால்தான் உம்மம்மா வருவார். வாசிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள், ஆகவே துண்டுப்பிரசுரம் மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது. வெளிநாட்டிலிருக்கும் உம்மாவுக்கு அந்த மணித்தியாலத்தைப் பேத்தியின் போனில் ஒலிப்பதிவு செய்து அனுப்பிவிடலாம். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ அவசரம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தால் முசலிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும் லுஹருக்கு முன் வீடு போய்ச் சேருவார்கள்.